ஹாம்ஸ்டர் தண்ணியும் சிவகாசி போர்வெல்லும்

மகள் வளர்க்கும் ஹாம்ஸ்டருக்கு எந்தத் தண்ணி வைப்பது என்று தேடப் போய், பட்டாசு ரசாயனத்தில் வந்து நின்றேன். (சிலர் இதை வெள்ளெலி என்கிறார்கள். நம்ம கரிசக்காட்டு வெள்ளெலி வேற. இது 1930-ல் சிரியாவின் அலெப்போ பக்கம் பிடித்த குட்டிகளின் வம்சம்.)

ஹாம்ஸ்டர் 100 கிராம் எடைக்கு தினமும் சுமார் 10 மில்லி குடிக்கும். கம்மிதானே என்று தோணும். கணக்கைப் பாருங்க: கிலோவுக்கு 100 மில்லி. 60 கிலோ ஆள் 2 லிட்டர் குடித்தால் கிலோவுக்கு 33 மில்லிதான். தண்ணியில் எது கலந்திருந்தாலும், எடைக்கு எடை நம்மைவிட மூணு மடங்கு அதுக்குள்ள போகும்.

அப்படி என்ன கலந்திருக்கு? உப்பும் ஃப்ளோரைடும் நமக்குத் தெரிந்த கதை. அதிகம் பேசாதது பெர்குளோரேட். பட்டாசு மருந்து எரிய ஆக்ஸிஜன் கொடுக்கும் உப்பு வகை. தண்ணியில் சட்டென்று கரையும், மண்ணில் ஒட்டாது. மழையோடு நேரா நிலத்தடிக்குப் போயிடும். தைராய்டு சுரப்பிக்குள் அயோடின் நுழைவதை இது தடுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் வைத்த அளவு லிட்டருக்கு 70 மைக்ரோகிராம். நம்ம பகுதியில் ஜப்பான் ஆய்வாளர்கள் எடுத்த நிலத்தடி நீர் மாதிரிகளில் (கட்டுரை வந்தது 2013) அதிகபட்சம் 7,690. நூறு மடங்குக்கும் மேல்! எல்லா போரும் அப்படி இல்லை. அதே ஆய்வில் அளவிட முடியாத அளவுக்குக் குறைவாக இருந்த மாதிரிகளும் உண்டு.

டிடிஎஸ் மீட்டர் இதைக் காட்டாது. 70 மைக்ரோகிராம் என்பது 0.07 பிபிஎம், ஆயிரம் பிபிஎம் உப்புத் தண்ணியில் அது எங்க தெரியும்? கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணி சுண்டுவதால் கொஞ்சம் கூடத்தான் செய்யும். சாதா கரி ஃபில்டரையும் நம்ப முடியாது. ஆர்.ஓ. சவ்வு பெரும்பகுதியை நிறுத்தும். அதனால் எங்க வீட்டில் ஆர்.ஓ. தண்ணிதான், ஹாம்ஸ்டருக்கும் சேர்த்து. "சத்து போயிடுமே" என்பார்கள். அது தீனியில் கிடைக்கும்.

பாட்டில் விஷயம் ஒண்ணு. குழாய் நுனியில் இருக்கும் உருண்டை, உப்புத் தண்ணியில் வெள்ளைப் படிவம் கட்டி இறுகிடும். பாட்டில் நிறைய தண்ணி தெரியும், ஒரு சொட்டு வராது. தினமும் விரலால் உருட்டிப் பாருங்க. நம்ம ஊர் மே மாத வெயிலில் பாட்டிலுக்குள் காற்று விரிந்து தண்ணியைச் சொட்டுச் சொட்டா வெளியே தள்ளும். காலையில் நிரப்பியது மத்தியானமே காலி. அந்த மாதத்தில் ஒரு சின்ன பீங்கான் கிண்ணமும் கூட வைத்துவிடுகிறேன்.