அளவு பாராத ஒரு வரி

ஊரிலிருக்கும் பெற்றோருக்கு மாதந்தோறும் நாம் அனுப்பும் தொகை முன்பெல்லாம் மணியார்டரில் சென்றது. இன்று அது பெரும்பாலும் கைபேசி வழியே நொடியில் சென்றுவிடுகிறது. இரயில் டிக்கெட்டும் அவ்வாறே வீட்டிலிருந்தபடி கிடைக்கிறது. நாம் பொத்தானைத் தொட்டதும், எங்கோ ஓரிடத்திலுள்ள ‘சர்வர்’ என்னும் கணிப்பொறி நம் வேண்டுகோளைப் பெற்று விடை தருகிறது. முகமறியாத பலரிடமிருந்து செய்தி பெறுவதே அதன் தொழில். அத்தொழிலில் மறைந்திருக்கும் ஓர் அபாயத்தை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

எழுத்தர் வேலை பார்ப்போருக்கு இது எளிதில் விளங்கும். பதிவேட்டில் பெயருக்கென ஒரு கட்டம்; அதையடுத்து, மேற்கொண்டு செய்ய வேண்டியது யாது என்ற மேலதிகாரியின் குறிப்பு. எழுத்தர் அளவு பாராமல், வந்தவர் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டே போனால், பெயர் கட்டத்தைக் கடந்து அக்குறிப்பையும் அழித்துவிடும். வந்தவர் சூழ்ச்சிக்காரராயின், தம் கட்டளையே அவ்விடத்தில் விழுமாறு பெயரை நீட்டிச் சொல்வார். பின்னர் அதுவே மேலதிகாரியின் ஆணையென நிறைவேறிவிடும். கணிப்பொறியின் நினைவகத்திலும் இவ்வாறே நிகழ்கிறது.

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் அமெரிக்காவில் இது மெய்யாயிற்று. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் என்பார், தன்னைத்தானே படியெடுத்துப் பரவும் ஒரு நிரலை வலையமைப்பில் விட்டார். அது புகுந்த வழிகளுள் ஒன்று ‘ஃபிங்கர்’ என்னும் சேவை. கணிப்பொறியில் யார் பணியாற்றுகின்றனர் எனக் கேட்போருக்கு விடை கூறும் எளிய சேவை அது. கேள்வியை எழுதிக்கொள்ள அதில் 512 பைட் இடமே இருந்தது. மாரிஸின் நிரல் 536 பைட் அனுப்பியது. உள்வரும் வரியின் நீளத்தை எவரும் அளக்கவில்லை. மிகுந்த 24 பைட் அடுத்த இடத்தில் வழிந்து, கணிப்பொறியைப் புதியவன் ஆணைக்கு அடிமையாக்கிற்று.

அந்நிரல் கோப்பு எதனையும் அழிக்கவில்லை. எனினும் ஒரே கணிப்பொறியில் பன்முறை புகுந்து பெருகியமையால் பொறிகள் திணறி நின்றன. ஏறத்தாழ 6,000 கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டனர். 1990இல் நீதிமன்றம் மாரிஸுக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகத் தொண்டும், அபராதமும் விதித்தது. அளவு பாராமல் வரியை வாங்கிய ‘கெட்ஸ்’ என்னும் கட்டளையோ, 2011ஆம் ஆண்டில்தான் ‘சி’ மொழியின் தரநூலிலிருந்து நீக்கப்பட்டது!

இது பழங்கதை என்று எண்ணிவிடலாகாது. 2017 மே மாதம் ‘வான்னகிரை’ என்னும் நிரல், விண்டோஸ் கணிப்பொறிகளில் இருந்த இத்தகைய குறையின் வழியே உலகெங்கும் பரவிற்று. இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. வருந்தத்தக்கது யாதெனில், அக்குறையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்காதிருந்த பொறிகளே பெரிதும் சிக்கின.

சர்வரைக் காப்பது அதனை நடத்துவோர் கடமை. நம் கைபேசியையும் கணிப்பொறியையும் காப்பது நம் கடமை. ‘அப்டேட்’ செய்யுமாறு அறிவிப்பு வருங்கால், “நாளை பார்ப்போம்” எனத் தள்ளிவிடுதல் நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. ஊரில் தனித்திருக்கும் பெற்றோரின் கைபேசியை அடுத்த விடுமுறையில் நாமே வாங்கிப் பார்த்து, அவ்வறிவிப்பை நிறைவேற்றி வருவோமாக. அவர்கள் சேமிப்புக்கு அது ஒரு காவல்.