முதுமாணிப் படிப்பு எங்களுக்கும் எட்டுமா?

"இனி எங்களுக்கென்ன படிப்பு, பிள்ளைகள் படித்தால் போதும்." செவன் கிங்ஸில் எம்மவர் கூடும் வீடுகளில் இதைக் கேட்காத நாளில்லை. 1983க்குப் பின் வந்தவர்களில் எத்தனையோ பேர் ஊரில் படிப்பை அரைவாசியில் விட்டவர்கள். பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கடையிலும் பெற்றோல் நிலையத்திலும் வேலைக்குப் போனவர்களும் உண்டு.

வியாபார நிர்வாக முதுமாணி, அதாவது எம்.பி.ஏ., இளையவர்களுக்கு மட்டுமான படிப்பல்ல. 1908இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் தொடங்கிய இப்படிப்புக்கு இங்குள்ள பல வணிகக் கல்லூரிகள் மூன்று வருட வேலை அனுபவமாவது கேட்கின்றன. ஒரு கடையின் கணக்கு, இருப்பு, வேலையாட்களின் நேர அட்டவணை ஆகியவற்றைப் பொறுப்பாகப் பார்த்தவருக்குச் சொல்ல விடயம் இருக்கிறது. அதை விண்ணப்பத்தில் எழுதத்தான் நாம் கூச்சப்படுகிறோம். ஊரில் பெற்ற பட்டம் இங்கு எதற்குச் சமன் என்பதற்கு 'யூ.கே. எனிக்' என்ற அமைப்பு சான்று தரும். பட்டமே இல்லாதவர் முதலில் திறந்த பல்கலைக்கழகத்தை நாடலாம். 1969இல் உருவான அங்கு, முதற்பட்டத்துக்குப் பெரும்பாலும் முன்தகைமை கேட்பதில்லை. வேலையை விடாமல் வீட்டிலிருந்தே படிக்கலாம்.

அடுத்தது பணம். இங்கிலாந்தில் 2016 முதல் முதுமாணிப் படிப்புக்கு அரசாங்கக் கடன் உண்டு. 2025-26 கல்வியாண்டில் ஆகக் கூடியது 12,858 பவுண். 60 வயதுக்குட்பட்டவர் பெறலாம். வீட்டு வருமானம் பார்ப்பதில்லை. ஆனால் ஏற்கெனவே முதுமாணிப் பட்டம் பெற்றவருக்குக் கிடையாது. படிப்பு முடிந்தபின் வருட வருமானத்தில் 21,000 பவுணுக்கு மேற்பட்ட தொகையில் 6 வீதம் கட்ட வேண்டும். 31,000 உழைப்பவருக்கு வருடம் 600 பவுண். வட்டியும் ஏறும் என்பதை மறக்கக் கூடாது.

அகதி அந்தஸ்துக் கிடைத்தவர் இக்கடனுக்கு விண்ணப்பிக்கலாம். வழக்கு முடிவுக்குக் காத்திருப்பவருக்கு இது இல்லை; சில பல்கலைக்கழகங்கள் புகலிடம் கோருவோருக்கென வழங்கும் புலமைப்பரிசில்களைத்தான் விசாரிக்க வேண்டும். லண்டன் பிஸ்னஸ் ஸ்கூல் போன்ற இடத்தில் கட்டணம் ஒரு லட்சம் பவுணைத் தாண்டும். அங்கே இக்கடன் ஒரு மூலைக்கும் காணாது. ஆகவே பெயரைப் பார்த்து மயங்காமல், கட்டணம் முழுவதையும் எழுத்தில் கேட்டு வாங்குவோம். முகவர் சொல்லும் கல்லூரி, 2018இல் தொடங்கிய மாணவர் அலுவலகத்தின் பதிவேட்டில் உள்ளதா என்று பார்த்த பின்னரே கையொப்பமிடுவோம்.

எமது பெண்கள் பலர் குடும்பத்துக்காகப் படிப்பை விட்டவர்கள். அவர்கள் மீண்டும் புத்தகத்தை எடுத்தால், மாலையில் இரண்டு மணி நேரம் சமையலையும் பிள்ளைகளையும் வீட்டிலுள்ள மற்றவர்கள் பார்க்கட்டும். அரசாங்கக் கடன் பணத்துக்குத்தான் உதவும். படிக்க நேரம் நாங்கள்தான் கொடுக்க வேண்டும்.