கப்பி வில்லின் குறி தவறுவது ஏன்?

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தவரான ஹாலிஸ் வில்பர் ஆலன் என்பார் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்றது கப்பி வில். அதன் முனைகளில் மையம் விலகிய சக்கரங்கள் உண்டு. நாணை இழுக்குங்கால் முதலில் கனக்கும். முழுதும் இழுத்தபின் கனம் பெரிதும் குறைந்துவிடும். வேட்டைக்காரர் கை நடுங்காது குறி பார்க்க இயலுவது இதனாலேயே ஆகும்.

ஆயினும், நேற்றுத் தைத்த இடத்தில் இன்று அம்பு தைக்கவில்லை என்னும் குறை இவ்வில்லிலும் எழுவதுண்டு. பயிற்சிப் பலகையில் இது சிறு பிழை. மானின் உடலிலோ, உயிர் உடனே பிரியாமல் புண்பட்டோடி நெடுநேரம் துடிக்கச் செய்யும் கொடுமை.

அம்பு எத்திசையில் விலகுகிறது என்பதே முதற்குறிப்பு. மேலும் கீழுமாகச் சிதறின், இரு சக்கரங்களும் ஒருங்கே சுழல்கின்றனவா என்று நோக்குதல் வேண்டும். நாணும் வடங்களும் நாளடைவில் நீளுமாதலால், ஒன்று முந்தவும் மற்றது பிந்தவும் கூடும். இடவலமாகச் சிதறினால் குற்றம் பெரும்பாலும் கையினுடையது. பிடியை இறுகப் பற்றுவதால் வில் திருகிக்கொள்கிறது.

இனி அம்பைக் காண்போம். விடுபட்ட அம்பு மீன்போல் நெளிந்தே செல்லும். வில்லின் வலுவுக்கு அதன் விறைப்பு போதாதாயின் நெளிவு மிகும். சட்டத்தில் கட்டிய தாளை இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து எய்து துளைத்தால், வால் எப்பக்கம் சாய்ந்தது என்பதைக் கிழிசலே காட்டிவிடும்.

பயிற்சி முனை நேரே சென்றதென்று வேட்டை முனையை நம்பிவிடலாகாது. அகன்ற அலகுகள் காற்றில் சிறகுபோல் இயங்கி, சிறு கோணலையும் பெரிதாக்கும். ஆதலின் அதனையே எய்து பார்த்தல் வேண்டும். திருத்தமும் ஒருகால் ஒன்றே செய்க. வடத்தை மட்டும் வெறுங்கையால் கழற்ற முயலற்க, வில்லை அமுக்கும் பொறி அதற்கென உண்டு.