கட்டாமலே கட்டிப் பார்ப்போம்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இரண்டிலும் இறங்கிய பிறகே தொல்லை தெரியும் என்பது அதன் கருத்து. கல்யாணத்தைப் பொறுத்தவரை அம்மொழி இன்றும் உண்மையே. வீட்டைப் பொறுத்தவரை அதைச் சற்றுத் திருத்திக்கொள்ளலாம். கட்டாமலே கட்டிப் பார்க்கும் வழி ஒன்று இப்போது உண்டு. அதனைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

ஒரு கட்டடம் ஐம்பது ஆண்டு, நூறு ஆண்டு நிற்பது. கட்டுவதற்கு ஆகும் செலவை எல்லோரும் எண்ணிப் பார்க்கிறோம். கட்டிய பின் அதைக் குளிர்விக்கவும், ஒளியூட்டவும், குளிர்நாடுகளில் சூடேற்றவும் ஆண்டுதோறும் ஆகும் செலவை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. உலக மக்கள் பயன்படுத்தும் எரிசக்தியில் ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு கட்டடங்களின் அன்றாடப் பயன்பாட்டிற்கே செலவாகிறது. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் புதிய வகுப்பறைகளின் ஜன்னல்களெல்லாம் மேற்கு நோக்கி அமைந்துவிட்டன. பிற்பகல் மூன்று மணிக்கு மாணவர்கள் வெயிலுக்கு அஞ்சிப் பெஞ்சுகளைச் சுவரோரம் நகர்த்துவார்கள். பாடத்தில் எவர் மனமும் நிற்காது. பிழையை நாங்கள் உணர்ந்தபோது சுவர் எழும்பிவிட்டது. சிலேட்டில் எழுதிய பிழையை அழிக்கலாம். காங்கிரீட்டில் எழுதிய பிழையை எதைக் கொண்டு அழிப்பது?

அத்தகைய பிழையை முன்கூட்டியே காண உதவுவதுதான் கணிப்பொறியில் அமைக்கும் கட்டட மாதிரி. அட்டையாலும் மரத்தாலும் செய்யும் மாதிரி தோற்றத்தைக் காட்டும், வெப்பத்தைக் காட்டாது. கணிப்பொறி மாதிரியிலோ ஒவ்வொரு சுவருக்கும் ஒரு குணம் உண்டு. சுவர் செங்கல்லா காங்கிரீட்டா, கனம் எவ்வளவு, கண்ணாடி ஒரு தகடா இரு தகடா, ஜன்னல் எத்திசை நோக்கியது, உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள், விளக்கு எப்போது எரியும் என்பவற்றையெல்லாம் அதற்குச் சொல்லுகிறோம். அவ்வூரின் வானிலைக் குறிப்பையும் கொடுக்கிறோம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒவ்வொரு மணியிலும் கதிரவன் எங்கே நிற்பான், காற்று எவ்வளவு சூடாயிருக்கும், எவ்வளவு வெப்பம் உள்ளே நுழையும், எவ்வளவு வெளியேறும் என்று அது வரவு செலவு எழுதிவிடுகிறது. இதற்கான மென்பொருள்கள் பல. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆதரவில் உருவாகி 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எனர்ஜிபிளஸ்’ என்பது விலையின்றியே கிடைக்கிறது.

இதன் பயனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். நியூயார்க் நகரில் 1931-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை அறியாதவர் இலர். 2009-ஆம் ஆண்டில் அதன் எரிசக்திச் செலவைக் குறைக்கும் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. பழைய குளிரூட்டும் பொறிகளை அகற்றிவிட்டுப் புதியவற்றை வைப்பதே வழக்கமான முறை. வல்லுநர்கள் அவ்வாறு அவசரப்படவில்லை. கட்டடம் முழுவதற்கும் மாதிரி அமைத்து, அறுபதுக்கு மேற்பட்ட யோசனைகளை ஆராய்ந்து, எட்டினைத் தேர்ந்தெடுத்தனர்.

அக்கட்டடத்தின் ஜன்னல்கள் 6,514. அவற்றின் கண்ணாடிகளைக் கழற்றி, கட்டடத்திற்குள்ளேயே பட்டறை அமைத்து, இரு தகடுகளுக்கு நடுவே மெல்லிய படலம் ஒன்றைப் பொருத்தி மீண்டும் மாட்டினர். சூடேற்றும் ரேடியேட்டர்களின் பின்புறம் வெப்பம் சுவர் வழியே வீணாகாதவாறு தடுப்பு வைத்தனர். விளக்குகளைச் சீர்செய்தனர். இவற்றால் குளிரூட்ட வேண்டிய சுமை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று மாதிரி காட்டிற்று. சுமை குறைந்ததும் புதிய பொறிகள் வேண்டியதில்லை. இருப்பவற்றைப் புதுப்பித்தாலே போதுமென்றாயிற்று. ஆண்டு எரிசக்திச் செலவில் நூற்றுக்கு 38 பங்கு மிச்சமாகும் என்பது அவர்கள் கணிப்பு. முதலாண்டிலேயே சேமிப்பு, உறுதி கூறிய அளவையும் கடந்தது.

ஜன்னலைத் தனியே பார்த்தால் அது வெறும் செலவு. பொறியோடு சேர்த்துப் பார்த்தபோதோ, ஜன்னலுக்கு இட்ட பணம் பொறியில் மிச்சமாயிற்று. கட்டடத்தின் உறுப்புகளை ஒரே கணக்காகப் பார்க்கச் செய்வதே இம்மாதிரியின் தலையாய பயன்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. பெருக்கலும் கழித்தலும் பிழையின்றிச் செய்து, வினாவைத் தவறாகப் படித்ததனால் விடையைக் கோட்டைவிடும் மாணவனை எல்லா ஆசிரியர்களும் அறிவார்கள். கணிப்பொறியும் அத்தகைய மாணவனே. விளக்குகள் மாலை ஐந்து மணிக்கு அணையும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, இரவு ஒன்பது மணிவரை எரியவிட்டால் கணக்கு எவ்வாறு பொருந்தும்? ஆதலால் பழைய கட்டடமாயின் மாதிரியின் விடையை உண்மையான மின்கட்டணச் சீட்டோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். புதியதாயின், குடியேறிய பிறகேனும் ஒப்பிட வேண்டும்.

மேலும், நியூயார்க்கின் விடை நமக்கு விடையாகாது. அங்கே குளிர்காலத்தில் வெப்பத்தைக் காக்க வேண்டும். சென்னையிலோ ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகற் கதிரவன் நேர் உச்சியில் நிற்கிறான். இங்கே முதலில் கவலைப்பட வேண்டியது கூரையைப் பற்றியும், கிழக்கு மேற்குச் சுவர்களைப் பற்றியும்தான். ஊருக்கேற்ற வானிலைக் குறிப்பு வேண்டுமென்பது இதனாலேயே. நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டில் வெளியாகி, 2017-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பும், முழுக் கட்டடத்தையும் இவ்வாறு கணக்கிட்டுக் காட்டுவதை ஒரு வழியாக ஏற்றுக்கொண்டது.

எனவே, பள்ளியோ மருத்துவமனையோ எழுப்ப முற்படும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரைபடத்தில் கையெழுத்திடுமுன், ‘இந்த அறை மே மாதத்துப் பிற்பகல் மூன்று மணிக்கு எப்படி இருக்கும்?’ என்று பொறியியலாரைக் கேளுங்கள். விடை சொல்லும் கருவி அவர் கையில் இருக்கிறது. கேட்க வேண்டியது நாம்தான். கட்டிப் பார் என்றனர் முன்னோர். கணக்கிட்டுப் பார்த்துக் கட்டு என்று நாம் அதனோடு சேர்த்துக்கொள்வோம்.