சேர்வராயன் மலையில் யாருக்கு முதலிடம்?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைவோர், ஏரியையும் குளிர்காற்றையும் கண்டு சுவர்க்கத்துக்கே வந்துவிட்டதாக மகிழ்கிறார்கள். அந்தச் சுவர்க்கத்துக்குப் பூர்வீகச் சொந்தக்காரர் உண்டு என்பதை மறக்கலாகாது.

சுமார் 5,300 அடி உயரத்தில், தலை குனிந்தே நுழைய வேண்டிய குகையொன்றில், சேர்வராயனும் காவேரி அம்மனும் எழுந்தருளியிருக்கிறார்கள். மலைத் தொடருக்கே பெயரளித்த தெய்வம் இது. 'மலையாளி' என வழங்கும் மலைவாசிகளுக்குக் குலதெய்வம் போன்றது. கலெக்டர் காக்பர்ன் துரை இங்கே காப்பிச் செடியைக் கொணர்ந்தது 1820-க்குப் பிறகுதான். மலைவாசிகளின் வழிபாடோ அதற்கும் முற்பட்டது.

மலைவாசிகளின் உற்சவம் மே மாதத்தில். அரசாங்கத்தின் கோடை விழாவும் பெரும்பாலும் அம்மாதத்திலேயே. ஒற்றை மலைப்பாதையில் மோட்டார்களின் வரிசையும் பொங்கற்பானை சுமந்து வருவோரும் எதிர்ப்பட்டால், வழிவிட வேண்டியவர் யார்?

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்குச் சென்னை ஹைகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அனுமதிச் சீட்டு ஏற்பட்டது. உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கும் அளிக்கப்பட்டது. அந்த நியாயம் இங்கும் பொருந்தும். உற்சவ நாட்களிலாவது பிரயாணிகள் வண்டியைக் கீழே நிறுத்தி நடந்து ஏறட்டும்.

பிரயாணிகளால் மலையில் பலருக்குப் பிழைப்பு நடக்கிறது, அவர்கள் வரவேண்டியதுதான். ஆனால் விருந்தாளிக்கு இடமளித்த வீட்டுக்காரர் தம் வாசலிலேயே காத்து நிற்பது தர்மமாகுமா?