அச்சத்தை எதிர்கொள்ளும் பயிற்சி

புனே நகருக்குத் தென்மேற்கே, கடக்வாஸ்லா ஏரியை ஒட்டி அமைந்துள்ளது தேசியப் பாதுகாப்பு அகாதெமி. 1949 அக்டோபர் 6ஆம் நாள் பிரதமர் ஜவஹர்லால் நேரு இதற்கு அடிக்கல் நாட்டினார். 1955 ஜனவரியில் அகாதெமி முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. முப்படைகளிலும் அதிகாரிகளாகவிருக்கும் இளைஞர்கள் இங்கு மூன்றாண்டுகள் ஒன்றாகப் பயில்கின்றனர். 2022இல் பெண்களும் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் முதல் அணியினரான 17 பேர் 2025 மே மாதத்தில் பயிற்சியை நிறைவு செய்தனர்.

இங்கு வந்து சேருவோரில் நீச்சல் அறியாதவர்களும் உண்டு. ஆயினும், பத்து மீட்டர் உயர மேடையிலிருந்து நீச்சல் குளத்தில் குதிப்பது ஒவ்வொருவரும் நிறைவேற்ற வேண்டிய தேர்வுகளுள் ஒன்றாகும். அவ்வுயரத்திலிருந்து விழும் உடல் ஒன்றரை வினாடிக்குள் நீரைத் தொட்டுவிடுகிறது. அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மேடையின் விளிம்பில் நிற்பவருக்குக் கால் நடுங்குவது இயல்பே. அந்த நடுக்கத்துடனேயே அடி எடுத்து வைக்க அவர் எவ்வாறு பழகுகிறார் என்பது, படைவீரர்களுக்கு மட்டுமன்றி அரசு அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படக்கூடிய ஆய்வுப் பொருளாகும்.

ஆய்வுகள் கூறுவன

அச்சத்தைப் படிப்படியாக நீக்கலாம் என்பது 1924ஆம் ஆண்டிலேயே ஆய்வு வாயிலாகக் காட்டப்பட்டது. அமெரிக்க உளவியலறிஞர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற மூன்று வயதுக் குழந்தையிடம் இதனைச் செய்து பார்த்தார். குழந்தை விரும்பி உண்ணும் வேளையில் கூண்டிலுள்ள முயல் தொலைவில் வைக்கப்பட்டது. நாளடைவில் அது சிறிது சிறிதாக அருகே கொண்டு வரப்பட்டது. இறுதியில் குழந்தை முயலைத் தடவிக் கொடுத்தது.

ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய குழுவினரும் 1969இல் வெளியிட்ட ஆய்வு, பாம்பைக் கண்டு அஞ்சியவர்களைப் பற்றியது. மனத்தில் கற்பனை செய்து பழகியவர்களையும், படம் பார்த்துப் பழகியவர்களையும் விட, பிறர் பாம்பைக் கையாளுவதை நேரில் கண்டு, பின் அவர்தம் துணையுடன் தாமே அதைத் தொட்டுப் பழகியவர்கள் மிகுந்த முன்னேற்றம் கண்டனர். இத்தகைய ஆய்வுகளின் அடிப்படையில், 1977இல் பண்டூரா தன்னாற்றல் நம்பிக்கை பற்றிய கோட்பாட்டை வெளியிட்டார். ‘இச்செயலை என்னால் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் பிறக்கிறது என்பது அவருடைய முடிவு: தாமே செய்து வெற்றி காணுதல், தம்மைப் போன்ற பிறர் செய்வதைக் காணுதல், நம்பிக்கைக்குரியவர் ஊக்குவித்தல், தம் உடலில் எழும் படபடப்பைச் சரியாகப் புரிந்து கொள்ளுதல். இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. மற்ற மூன்றும் அதற்குத் துணை நிற்பன.

அச்சம் நீடிப்பதன் காரணமும் இதிலிருந்து விளங்கும். அஞ்சியதைத் தவிர்க்கும்போது மனத்திற்கு உடனடி ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலே தவிர்ப்பதைப் பழக்கமாக்குகிறது. அஞ்சியவாறு தீங்கு நேருமா என்று சோதித்தறியும் வாய்ப்பும் இல்லாமற் போகிறது.

மலையிலும் மன்றத்திலும்

அகாதெமியின் பயிற்சி குளத்துடன் முடிவதில்லை. மாணவர்கள் சஹ்யாத்ரி மலைப்பகுதியில் முகாம்களுக்குச் செல்கின்றனர். அவற்றுள் ஒன்று சிவாஜியின் வரலாற்றோடு இணைந்த தோர்ணாக் கோட்டையின் பெயரைத் தாங்கியுள்ளது. குடிமைப் பணிக்கு வருவோருக்கும் இதனையொத்த ஏற்பாடு உண்டு. முசூரியிலுள்ள லால் பகதூர் சாஸ்திரி அகாதெமியின் அடிப்படைப் பயிற்சியில் இமயமலை நடைப்பயணமும் கிராமத் தங்கலும் இடம்பெறுகின்றன. எவரெஸ்ட் சிகரத்தை 1984இல் எட்டிய முதல் இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பால், பின்னர் ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஸ்டீல் நிறுவனத்தின் சாகசப் பயிற்சி அமைப்பை நடத்தி, நிறுவன அலுவலர்களுக்கும் மலையிலும் ஆற்றிலும் பயிற்சி அளித்தார்.

ஆனால், கயிற்றைப் பற்றிப் பாறையிலிருந்து இறங்கிய அலுவலர் மறுநாள் ஆய்வுக் கூட்டத்தில் அஞ்சாமல் பேசிவிடுவார் என்று எதிர்பார்த்தல் பொருந்தாது. தன்னாற்றல் நம்பிக்கை பெரும்பாலும் அந்தந்தச் செயலைச் சார்ந்தது. ஓரளவு அது பிற துறைகளுக்கும் பரவக்கூடும். எனினும் அதனையே முற்றிலும் நம்பியிருத்தல் கூடாது. கிராம சபையில் சினத்துடன் எழும் கேள்விக்கு விடை கூறுதல், மேலதிகாரியிடம் திட்டத்தின் பின்னடைவை உள்ளவாறு தெரிவித்தல், விதிகளுக்குட்பட்ட முடிவில் காலந்தாழ்த்தாது கையொப்பமிடுதல் ஆகியவையே அலுவலரின் உண்மையான மேடைகள். இவற்றில் அஞ்சுவோர் கோப்பை மேலும் ஒரு விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்புகின்றனர். அதன் விளைவை, உதவித்தொகைக்குக் காத்திருக்கும் முதியவரே ஏற்க நேர்கிறது.

ஆகவே, புனேயிலுள்ள யஷதா போன்று வளர்ச்சி நிர்வாகம் கற்பிக்கும் நிலையங்களில் பயிலுவோருக்குப் பணியிலுள்ள அச்சங்களையே படிகளாக அமைத்துத் தருவது பயன் தரும். முதலில் ஐவர் முன்னிலையில் இரண்டு நிமிடப் பேச்சு. அடுத்து முப்பதின்மர் முன் ஓர் அறிக்கை. பின்னர் எதிர்க்கேள்வி கேட்போரைக் கொண்ட மாதிரிக் கூட்டம். இறுதியில் மெய்யான கிராம சபை. ஒவ்வொரு படியிலும் நடுக்கம் ஓரளவு தணியும் வரை அல்லது நடுக்கத்துடனேயே பணி நிறைவேறும் வரை நின்று பழகுதல் வேண்டும். ஒவ்வொன்றின் முடிவிலும், ‘எது நேரும் என அஞ்சினோம், உண்மையில் நேர்ந்தது யாது’ என்று ஒப்பிட்டு எழுதுவது கற்றதை உறுதிப்படுத்தும்.

தள்ளுதல் பயிற்சியாகாது

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. 2018 ஜூலையில் கோயம்புத்தூருக்கு அருகே ஒரு கல்லூரியில் பேரிடர்ப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. கீழே மாணவர்கள் வலையைப் பிடித்து நிற்க, இரண்டாம் மாடியிலிருந்து குதிக்கத் தயங்கிய மாணவி ஒருவரைப் பயிற்சியாளர் தள்ளிவிட்டார். முதல் மாடியின் வெயில் மறைப்பில் மோதி அம்மாணவி உயிரிழந்தார். அப்பயிற்சியாளருக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை எனத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது.

அந்த மாணவியின் தயக்கம் கோழைத்தனமன்று. அவர் கண்ட ஆபத்து மெய்யானது. அச்சம் இருவகைப்படும். சபையில் பேசுவது போன்றவற்றில் ஆபத்து சிறிது, அச்சம் பெரிது. அங்குப் பயிற்சி பயன்படும். உயிருக்குத் தீங்கு நேரக்கூடிய இடத்தில் அச்சம் ஓர் எச்சரிக்கை. அதனை மதித்துப் பாதுகாப்பைச் சீர்செய்வதே பயிற்சியாளரின் முதற்கடமை. கருவிகளைச் சோதித்தல், பயிற்சியாளரின் தகுதியை உறுதி செய்தல், மருத்துவ உதவியை அருகில் வைத்திருத்தல், ‘இன்று வேண்டா’ என்று கூறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் ஏளனமின்றி அளித்தல் ஆகியன இன்றியமையாதவை. பிறர் தள்ள விழுந்தவர் தம்மால் முடியும் என்பதைக் கற்பதில்லை. பிறரை நம்பலாகாது என்பதையே கற்கிறார்.

பயிற்சி முகாம்களை ஏற்பாடு செய்யும் துறைத் தலைவர்களும் கல்லூரி முதல்வர்களும் நிகழ்ச்சி நிரலில் கையொப்பமிடுமுன் இரண்டு வினாக்களை எழுப்புதல் நலம்: இப்பயிற்சி எந்த அச்சத்தைக் குறித்தது? தயங்கி நிற்பவரை என்ன செய்வதாகத் திட்டம்? இரண்டிற்கும் தெளிவான விடை எழுத்தில் கிடைத்த பின்னரே முகாமிற்கு அனுமதி அளிக்கப்படுதல் வேண்டும்.