‘போர் அடிக்குது’ என்று பிள்ளை சொன்னால்...



கோடை விடுமுறை. லுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்குள் நுழைகிறோம். “அத்தா, போர் அடிக்குது” என்கிறது பிள்ளை. நாம் உடனே செல்போனை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அடுத்த இரண்டு மணி நேரம் வீட்டில் சத்தமே இல்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தாயும் தந்தையும் விசைத்தறிக்குப் போகும் வீடுகள் ஏராளம். நாமக்கல், சங்ககிரியில் லாரியோடு கிளம்பிய தந்தை திரும்பி வர வாரங்கள் ஆகும். அந்த வீடுகளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆளாகப் போன் இருக்கிறது. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. அப்போது பாடத்துக்காகக் கைக்கு வந்த போன், பள்ளி திறந்த பிறகும் கையை விட்டுப் போகவில்லை.

அதற்கு முன் நம் ஊர்ப் பிள்ளைகள் இதே வெயிலில் என்ன செய்தார்கள்? நுங்கு தின்று போட்ட காய்கள் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்குச்சியால் தள்ளி வண்டி ஓட்டினார்கள். தீப்பெட்டிகளை ஒட்டி லாரி செய்தார்கள். யாரும் கற்றுத்தரவில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாத மதியம்தான் கற்றுத்தந்தது. நுங்குக் காயை லாரியாகப் பார்க்க மனம் வேலை செய்ய வேண்டும். போனில் ஓடும் லாரிக்கு அந்த வேலை தேவையில்லை. எல்லாவற்றையும் வேறொருவர் கற்பனை செய்து முடித்துவிட்டார். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடுகிறது. சலிப்பு வருவதற்கே இடைவெளி இல்லை.

கற்பனை வீண் வேலை என்று நினைப்பவர்கள் அபூதாவூதில் பதிவான ஒரு சம்பவத்தைக் கவனிக்க வேண்டும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே, துணியால் இறக்கை வைத்த ஒரு குதிரை இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்டார்கள். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். கேட்ட கதையைப் பொம்மையில் கண்ட அந்தக் கற்பனையை அவர்கள் கண்டிக்கவில்லை, ரசித்தார்கள்.

ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மனிதர்களில் பலர் நஷ்டமடைந்துவிடும் இரண்டு அருட்கொடைகள் என்றும் நபியவர்கள் கூறியுள்ளார்கள் (புகாரி). ஓய்வு ஓர் அருட்கொடை என்றால், பிள்ளையின் ஓய்வு நேரம் முழுவதையும் திரையிடம் ஒப்படைப்பது அந்த நஷ்டத்தில் சேராதா?

இங்கிலாந்தில் சாண்டி மான், ரெபெக்கா கேட்மன் என்ற ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலரிடம் டெலிபோன் டைரக்டரியிலுள்ள எண்களைப் பார்த்து எழுதும் சலிப்பான வேலையைக் கொடுத்தார்கள். பிறகு சாதாரணக் கப்புகளை என்னென்ன விதமாகப் பயன்படுத்தலாம் என்று கேட்டபோது, அந்த வேலையைச் செய்யாதவர்களைவிட இவர்கள் அதிகமான யோசனைகளைச் சொன்னார்கள். ஆய்வில் பங்கேற்றவர்கள் பெரியவர்கள்தான். ஆனாலும் சலித்த மனம் சும்மா இருப்பதில்லை என்பது புரிகிறது.

போனை ஒரேயடியாகப் பிடுங்க வேண்டியதில்லை. கிராஅத் கேட்கவும் பாடம் படிக்கவும் அது உதவுகிறது. ஆனால் அளவு வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வீட்டில் எல்லோருடைய போனும் அலமாரிக்குப் போகட்டும், நம்முடையதும் சேர்த்துத்தான். பழைய அட்டைப்பெட்டி, துணி, கயிறு, களிமண் ஆகியவை பிள்ளையின் கைக்கு எட்டட்டும். நன்னியிடம் நபிமார்களின் வரலாற்றைக் கேட்கட்டும். முதல் சில நாட்கள் அழும், அடம்பிடிக்கும். “போர் அடிக்குது” என்றால், “சரி, நீயே ஏதாவது கண்டுபிடி” என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருப்போம். அந்தப் பொறுமைதான் நமக்குக் கஷ்டம்.

இன்ஷா அல்லாஹ், சிறிது நேரத்தில் அட்டைப்பெட்டிக்கும் இறக்கை முளைக்கும். நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.